ஐம்பத்திரண்டு கிலோ மூட்டை

இயேசு மரி சூசை துணை

ராயபுரம்,
ஞாயிறு, காலைப் பூசைக்குப் பின்.

அன்புள்ள மச்சான் பிராங்கிளினுக்கு,

உன் அக்காள் புருஷன் ஸ்டானிஸ்லாஸ் எழுதிக்கொள்வது. தூத்துக்குடியில் நீயும் உன் மனைவி மக்களும் சுகமாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். எப்படித்தான் இருக்க முடிகிறதோ தெரியவில்லை. இங்கே உன் அக்காள் சுகிர்தம் சுகம். உன் மருமகள் ஜானட் உயிரோடு இருக்கிறாள். நானும் உயிரோடு இருக்கிறேன். இதை முதலிலேயே எழுதக் காரணம், நேற்று எங்கள் வீட்டில் சாவு என்று உனக்கு இரண்டு செய்தி வந்ததாகவும், முதல் செய்தியில் ஜானட்டும் இரண்டாவது செய்தியில் நானும் செத்திருந்ததாகவும், நீ மதுரை வரை பஸ்ஸில் வந்துவிட்டு அக்காளிடம் போனில் பேசிய பிறகு திரும்பிப் போனதாகவும் உன் மனைவி சொன்னாள். இரண்டு செய்தியும் தவறு. நடந்தது சாவு இல்லை, கலை. சாவாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு மானம் போயிருக்காது.

போனிலேயே சொல்லலாமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். நான் வாட்ஸப்பில் பேசி அனுப்புவதையெல்லாம் நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாயாமே. அதையும் உன் மனைவிதான் சுகிர்தத்திடம் சொன்னாள். நான் இங்கே நெஞ்சு வெடிக்கப் பேசியதெல்லாம் உன் காதில் கோழி கொக்கரித்த மாதிரி விழுந்திருக்கிறது. ஆகையால் பேனா எடுத்தேன். கடிதத்தை வேகமாக ஓடவிட முடியாது. உட்கார்ந்து, கண்ணாடி போட்டு, வரி வரியாகப் படி.

எல்லாவற்றுக்கும் நீதான் காரணம். கோபப்படாதே, யோசித்துப் பார். ஜானட்டுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஞானத்தகப்பனாக நின்று மெழுகுவத்தி பிடித்தவன் நீ. அவள் கோயிலில் முதல்முதலாகப் புதுநன்மை வாங்கிய அன்று ஊரெல்லாம் ஜெபமாலையும் சுரூபமும் கொடுத்தபோது நாற்பத்தெட்டு கலர் பென்சில் உள்ள பெட்டி கொடுத்தவன் நீ. அந்தப் பெட்டியில்தான் பிசாசு இருந்தது. அதை வைத்துச் சுவரில் கிறுக்கி, நோட்டில் கிறுக்கி, கடைசியில் ஓவியக் கல்லூரியில் போய் நின்றாள். நான் கையெழுத்துப் போட்டேன். கோயில் பீடத்துக்கு இறக்கை வைத்த ஒரு சம்மனசு படமாவது வரைவாள் என்று நம்பினேன். படித்து முடித்துத் திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர் ஆனாள். அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. "படம் வரைஞ்சா பத்தல நைனா, இனிமே ஒடம்புதான் படம்" என்று ஒரு நாள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்னாள். எனக்குப் புரியவில்லை. உன் அக்காள் குழம்பு ஊற்றினாள்.

அப்புறம் புரிந்தது. எண்ணூர் கழிமுகத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை இடுப்பளவு தண்ணீரில் அசையாமல் நின்றாள். அது ஒரு கலையாம். தண்ணீருக்குள் கைவிட்டு இறால் தடவிப் பிடிக்கிறவர்கள் "தள்ளி நில்லும்மா, கை படுது" என்று நாள் பூராவும் திட்டியிருக்கிறார்கள், இவள் நகரவில்லை. அடுத்து காசிமேட்டில் ஒரு ஐஸ் பாளத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அது உருகும் வரை உட்கார்ந்தாள். அந்த ஐஸுக்கு அங்கே ஒரு கூடை வஞ்சிரம் காத்துக்கொண்டிருந்தது, மச்சான். மூன்று நாள் ஜுரம். நான் பொறுத்தேன். இரண்டு வருஷம் முன்னால் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து அவளுக்கு வலது முட்டியில் ஆபரேஷன் நடந்ததும், இனிமேல் பாரம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னதும் உனக்குத் தெரியும். நிற்பதும் உட்காருவதும்தானே, பாரம் இல்லையே என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு மூட்டை வந்து உட்கார்ந்தது. கோதுமை, ஐம்பது கிலோ. மேலே ஒரு பெட்ஷீட். "இன்னாமா இது" என்றால் "ஸ்கூலுக்கு" என்றாள். பள்ளிக்கூடத்தில் ஐம்பது கிலோ கோதுமையை வைத்து என்ன படம் சொல்லிக் கொடுப்பார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதே சமயத்தில் கீழ் வீட்டு பாய் வீட்டம்மா மரியம் தினம் மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். "இன்னா சார், தெனம் காலீல மொட்டமாடில டொம் டொம்னு ரெண்டு தபா சத்தம் கேக்குது, கொயந்த தூக்கிவாரிப் போட்டு எய்ந்துக்குது." எனக்குத்தான் ஹார்பரில் மூட்டை தூக்கி, கப்பல் விஞ்ச் சத்தத்திலேயே இருந்து இடது காது மந்தமாயிற்றே. பொண்ணு உடற்பயிற்சி செய்கிறாள் என்று சொல்லிவிட்டு, நல்ல காதைத் தலையணையில் அழுத்தித் தூங்கினேன்.

ஒரு நாள் மோட்டார் போட மாடிக்குப் போனேன். என் மகள், பி.எஃப்.ஏ. படித்தவள், முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டு அந்த மூட்டையைத் தோளில் வைத்து மொட்டைமாடியில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்துகொண்டிருந்தாள். என் ரத்தம் கொதித்ததற்கு முதல் காரணம் முட்டி. இரண்டாவது காரணம், மூட்டையைத் தப்பாக வைத்திருந்தாள். கழுத்தை ஒட்டி வைத்தால் நரம்பு செத்துவிடும் என்பதுகூடத் தெரியாமல் ஒருத்தி மூட்டை தூக்குகிறாள். அதுவும் ஸ்டானிஸ்லாஸ் மகள்.

"இன்னாடி இது?"

"ஷிப்ட்டு நைனா. மொத ஷிப்ட்டு. ஆறுலேந்து ரெண்டு. நீ பாத்த ஷிப்ட்டு. பழைய கொடவுன்ல எல்லாரும் பாக்க நான் தூக்கப்போறேன். கால் மணிக்கு ஒரு நடை, எட்டு மணி நேரம், ஒரு வார்த்த பேசக் கூடாது."

"நான் தூக்குனதே நீ தூக்கக் கூடாதுன்னுதாண்டி!"

"நீ முப்பத்திநாலு வருசம் தூக்குன. அத்த எவனாச்சும் குந்திப் பாத்தானா?"

"பாக்க அதுல இன்னா கீது? மூட்ட ஷெட்டுக்குப் போய்ச் சேந்துச்சா இல்லியா, அவ்ளோதான்."

"நான் பாத்தேன் நைனா," என்றாள். "ஒனக்குச் சட்ட தைக்கறப்போ டெய்லரு எடது தோள மட்டும் அரை இஞ்சி எறக்கி வெட்டுவாரே, அத்த நான் சின்னதுலேந்து பாத்துகினு கீறேன்."

மோட்டார் போடாமலே இறங்கி வந்துவிட்டேன். அன்று முழுக்க வீட்டில் தண்ணீர் இல்லை, அதற்கும் நான் திட்டு வாங்கினேன்.

ஆனால் விட்டுவிடவில்லை. சாயங்காலம் மறுபடி உட்கார வைத்துக் கேட்டேன். சரி, தூக்குடி. உனக்குத் தோள் மாத்துவது யார்? உனக்கு நினைவிருக்கும் மச்சான், எங்கள் கேங்கில் அது ஒரு சட்டம். மூட்டைக்கு அடியில் இருக்கிறவன் முடியவில்லை என்றால் "தோள் மாத்து" என்று குரல் கொடுப்பான். குரல் கேட்டால் பக்கத்தில் இருப்பவன் வாயில் பீடி இருந்தாலும் துப்பிவிட்டு ஓடிப்போய்த் தோள் கொடுக்க வேண்டும். அவன் குரல் கொடுக்காமல் அவன் மூட்டையை யாரும் தொடக் கூடாது, தொட்டால் அவமானம், அடிதடியாகிவிடும். தூக்கிய மூட்டையை நடுவழியில் தரையில் இறக்கவும் கூடாது, ஷெட்டுக்குப் போய்த்தான் இறக்க வேண்டும். இப்படித்தான் நாங்கள் யாரும் நசுங்காமல் பென்ஷன் வரைக்கும் வந்தோம். இவள் சொல்கிறாள், "யாரும் கெடையாது நைனா, நான் ஒண்டிதான்." ஒண்டியாகத் தூக்குவதற்குப் பெயர் கலையா? கழுதைகூட ஒண்டியாகத் தூக்காது, அதற்கு ஒரு சலவைக்காரன் பின்னாலேயே வருவான்.

மூட்டை சரியாக ஐம்பது கிலோ இருக்க வேண்டும் என்று எடை மிஷின் வேறு வாங்கி வந்திருந்தாள். சும்மா ஏறி நில் நைனா என்றாள். ஏறினேன். ஐம்பத்திரண்டு. "அய்ய, ஒரு மூட்டதான் கீற" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். தகப்பன் என்ன செய்வான்? கெஞ்சினேன், கேட்கவில்லை. சாப்பிடாமல் இருந்தேன், உன் அக்காள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜானட் பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து மூட்டையின் தையலைப் பிரித்துக் கோதுமையைக் காலியாக இருந்த தண்ணீர் டிரம்மில் கொட்டினேன். கல்மண்டபம் மார்க்கெட்டுக்குப் போய்ப் பொரி வாங்கினேன். கடைக்காரன் "ஆயுத பூசைக்கு இன்னும் எவ்ளோ மாசம் கீது, நீங்க வேற வேதக்காரங்க, இவ்ளோ பொரி எதுக்கு" என்றான். மூட்டை நிறையப் பொரியை அடைத்து, கையாலேயே தைத்து, பெட்ஷீட்டைப் போர்த்தினேன். பார்க்க அசல் கோதுமை மூட்டை. நாலைந்து கிலோ இருந்தால் அதிகம். எட்டு மணி நேரம் என் மகள் அதைத் தூக்கிக்கொண்டு ஜம்மென்று நடக்கட்டும், ஜனங்களும் கை தட்டட்டும், முட்டியும் பிழைக்கட்டும் என்று நினைத்தேன். மூட்டையைக் குடோனுக்கு எடுத்துப் போக வந்த ஆட்டோக்காரன் ஒரே கையில் தூக்கினான். நல்ல பலசாலி போல இருக்கிறது என்று ஜானட் என்னிடமே சொன்னாள். டிரம்மில் கொட்டிய கோதுமையால் எங்கள் வீட்டில் நேற்று ராத்திரியிலிருந்து வேளைக்கு வேளை சப்பாத்தி என்பது தனிக் கதை.

இந்த லட்சணத்தில் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். அதை ஏற்பாடு செய்தவன் செங்குட்டுவன் என்று ஒரு தாடிக்காரன், அந்தப் பழைய குடோனைக் கலைக்கூடமாக மாற்றி வைத்திருப்பவன். நல்ல பையன், நல்ல தமிழ், அதுதான் ஆபத்து. போஸ்டரில் ஜானட்டின் கறுப்பு வெள்ளைப் படம், கண்ணை மூடியபடி. கீழே பெரிதாக "ஜானட் ஸ்டானிஸ்லாஸ்". அதற்குக் கீழே "உடல்". அதற்கும் கீழே "சனிக்கிழமை காலை ஆறு மணி முதல் மதியம் இரண்டு மணி வரை பொதுமக்கள் பார்வைக்கு." நீயே சொல், மச்சான். இதை இரண்டு கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு நடுவில் ஒட்டினால் யார் என்ன நினைப்பார்கள்? "இன்னா தம்பி, எம் பொண்ணச் சாவடிச்சிட்ட" என்று நான் சண்டைக்குப் போனேன். அவன், "ஐயா, இங்கே நிகழ்த்துபவரின் உடலே படைப்பு, அதனால் தலைப்பு 'உடல்'" என்று பொறுமையாக விளக்கினான். கோயில் மணி அடிப்பவர் அதற்குள் இரண்டு தடவை வந்து அடக்கம் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் ஒரு முப்பது பேர், எல்லாரும் கதர் பையும் தண்ணீர் பாட்டிலுமாக. மணி அடித்தது. ஜானட் என்னுடைய பழைய காக்கி அரைக்கால்சட்டையும் பனியனும் போட்டுக்கொண்டு வந்தாள். அதை அவள் எங்கிருந்து எடுத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை, நான் கிழித்துத் துடைக்கும் துணியாக்கச் சொன்னது அது. குனிந்து, மூச்சை இழுத்து, ஐம்பது கிலோவுக்கு என்று பலத்தைச் சேர்த்து ஒரே எம்பு எம்பினாள். மூட்டை தோளைத் தாண்டிப் பறந்து பின்னால் போய் விழுந்தது.

ஜானட் திரும்பிப் போய்த் தையலைப் பார்த்தாள். என் கைத்தையல் அவளுக்குத் தெரியும், அவளுடைய பள்ளிக்கூடப் பையெல்லாம் நான் தைத்துக் கொடுத்ததுதான். பிரித்தாள். மூட்டையைச் சாய்த்துப் பாதிப் பொரியைத் தரையில் கொட்டினாள். பின்னால் இருந்த ஒரு அம்மாள் "ஆகா" என்று சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். பிறகு அவள் நிமிர்ந்து முதல் வரிசையில் இருந்த என்னைப் பார்த்தாள். பேசக் கூடாது என்பது சட்டம் அல்லவா, அதனால் அந்தப் பார்வையிலேயே எல்லாம் இருந்தது. பாதி காலியான மூட்டையை ஓரமாக வைத்தாள், ஒரு துண்டைச் சுருட்டித் தோளில் போட்டாள், நேராக என்னிடம் வந்தாள். நான் மன்னிப்புக் கேட்க எழுந்து நின்றேன். எழுந்து நின்றது அவளுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. குனிந்து, என் இடுப்பில் தோளைக் கொடுத்து, என்னைத் தூக்கிவிட்டாள்.

என்னை, மச்சான். அறுபத்தாறு வயசு. பென்ஷனர். பங்குப் பேரவையில் பொருளாளராக இருந்தவன். தலை அவள் முதுகுப் பக்கம் தொங்க, கால் முன்பக்கம் ஆட, யூரியா மூட்டை மாதிரி நாற்பது அடி தூரம் கொண்டுபோய் எதிர்ச்சுவரை ஒட்டி இறக்கி வைத்தாள். கால் மணி கழித்து மறுபடி மணி அடித்தது. அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவருக்கு. "ஜானட்டு, இன்னாமா இது, மானம் போவுதும்மா" என்று தலைகீழாகக் கெஞ்சினேன். மூன்றாவது நடை முடிந்ததும் எழுந்து ஓடிவிடலாம் என்று கதவு வரை போனேன். செங்குட்டுவன் அங்கே நின்று யாருக்கோ போன் செய்து, அவசரமாக ஒரு சிமெண்ட் மூட்டை கிடைக்குமா, ஐம்பது கிலோ, என்று விசாரித்துக்கொண்டிருந்தான். நான் திரும்பி வந்து என் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். சிமெண்ட் மூட்டைக்கு அவள் முட்டியைப் பற்றி என்ன தெரியும்?

என்னால் முடிந்த மட்டும் எடையைக் குறைத்தேன். செருப்பைக் கழற்றினேன். சாவிக்கொத்து, கண்ணாடி, பெல்ட், முதுகுவலிக்குக் கட்டும் பட்டை எல்லாவற்றையும் ஓரமாக வைத்தேன். மேல்பல் செட்டைக்கூடக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்தேன். அவள் தூக்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பட்டினி கிடந்தால் இன்னும் கொஞ்சம் குறைந்திருப்பேன், காலையில் நான்கு இட்லி சாப்பிட்டதை நினைத்து எனக்கே என் மேல் ஆத்திரம் வந்தது.

ஏழாவது நடையோ எட்டாவது நடையோ, என் கை அவள் தோளில் பட்டது. அங்கே காய்ப்பு இருந்தது. எனக்கு இருக்குமே, கழுத்துக்கு நாலு விரல் தள்ளி, அதே இடத்தில், சின்னதாக, கெட்டியாக. அன்றைக்கு மாடியில் தப்பாக வைத்திருந்தவள் எப்போதோ தானாகவே சரியான இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள். இந்தக் காய்ப்பு என்னோடு போக வேண்டும், என் பிள்ளைக்கு வரக் கூடாது என்றுதானே மூன்றாவது ஷிப்டும் சேர்த்துப் பார்த்தேன்? அழுதுவிட்டேன். தலைகீழாகத் தொங்குகிறவன் அழுதால் கண்ணீர் நெற்றி வழியாகத் தலைமுடிக்குள் போகிறது, துடைக்கவும் முடியாது. ஜனங்கள் அதையும் வீடியோ எடுத்தார்கள்.

பத்தேகால் மணி. பதினெட்டாவது நடை. பாதித் தூரம் போயிருப்போம். வாசலில் ஒரு அலறல். யார் என்று பார்த்தால், தலைகீழாகப் பார்த்தால், எங்கள் மேஸ்திரி பக்தவச்சலம், ஆளுயர ரோஜா மாலையோடு. பின்னால் ஜெயவேல், அவனுக்குப் பின்னால் எங்கள் கேங்கில் மிச்சம் இருக்கிற இன்னும் இரண்டு பேர். போஸ்டரைப் பார்த்து ஜானட் போய்விட்டாள் என்று வாட்ஸப்பில் உனக்கும் சேர்த்துப் போட்டு, தோள் கொடுக்க வியாசர்பாடியிலிருந்து ஆட்டோ வைத்து வந்திருக்கிறார்கள். எனக்கு ஒரு போன் செய்யக் கூடாதா என்று பிறகு கேட்டேன். "சாவு வூட்டுக்கு எவனாச்சும் போன் பண்ணிட்டு வருவானா?" என்றார் பக்தவச்சலம். வந்தவர்கள் என்ன பார்க்கிறார்கள்? ஜானட் உயிரோடு நடக்கிறாள். அவள் தோளில், பல் இல்லாமல், செருப்பு இல்லாமல், நான் தொங்குகிறேன்.

"அய்யோ! பொண்ணு இல்லடா, ஸ்டானிடா!" என்று ஜெயவேல் நெஞ்சில் அடித்துக்கொண்டு, உடனே போனை எடுத்து ஏதோ தட்டினான். உனக்கு வந்த இரண்டாவது செய்தி அதுதான்.

"டேய், நான் உயிரோடதாண்டா கீறேன்!" என்று கத்தினேன். பல் இல்லாமல் அது யாருக்கும் புரியவில்லை.

அந்த நேரத்தில்தான் அவள் முட்டி நடுங்கியது. மேலே இருக்கிறவனுக்குத்தான் அது தெரியும். முதலில் ஒரு சின்ன உதறல், அப்புறம் நிற்கவில்லை. "சொல்லும்மா, தோள் மாத்துன்னு சொல்லும்மா, எல்லாரும் கீறாங்க" என்றேன். சொல்லவில்லை. சட்டமாம், வாய் திறக்கக் கூடாதாம். கீழே இறக்கு என்றேன், அதுவும் இல்லை. சரி என்று நானே முழு மூச்சில் கத்தினேன், "தோள் மாத்து!" அது மட்டும் பல் இல்லாமலே புரிந்து நான்கு கிழவர்களும் ஓடி வந்தார்கள், வந்தவர்கள் ஒரு அடி தள்ளி நின்றுவிட்டார்கள். பக்தவச்சலம் தலையைச் சொறிகிறார். "இன்னாடா இது, மூட்ட சொன்னா எடுக்கலாமா? அடியில கீற ஆளுல்ல சொல்லணும்?" முப்பத்திநாலு வருஷத்தில் எந்த மூட்டையும் வாய் திறந்து பேசியதில்லை, அவரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் என் மகளின் முட்டி போகிறது, இவர் அங்கே சட்டம் பேசுகிறார்.

அப்போது ஜானட் இடது குதிகாலைத் தூக்கித் தரையில் தட்டினாள். டொம், டொம். இரண்டு தட்டு.

ஒன்றை மேலே எழுத மறந்துவிட்டேன். குரல் கொடுக்கக்கூட மூச்சு இல்லாதவன் குதிகாலால் இரண்டு தட்டு தட்டுவான், அதுவும் குரல்தான். இதை நான் ஜானட்டுக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லை. அவளுக்கு நான்கு வயசில் கோயில் திருவிழாத் தேர் பார்க்கத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பேன். தோள் மரத்துப் போனால் இரண்டு தட்டு தட்டுவேன், சுகிர்தம் வந்து அவளை வாங்கிக்கொள்வாள். மேலே உட்கார்ந்திருந்தவளுக்கு அது நினைவிருந்திருக்கிறது. கீழ் வீட்டு பாய் வீட்டம்மா மரியம் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த இரண்டு தட்டு அதுதான், மச்சான். என் மகள் தினம் காலையில் மாடியில் நின்று தோள் மாற்ற ஆள் கூப்பிட்டிருக்கிறாள். நான் நல்ல காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கை கூசுகிறது. நான்கு பேரும் பாய்ந்து தோள் கொடுத்தார்கள். ஐந்தாவதாக ஜானட்டும் விலகவில்லை. தூக்கியது ஷெட்டுக்குப் போய்த்தான் இறங்க வேண்டும் என்பதால் என்னை மல்லாக்கப் போட்டுக்கொண்டு, மாலையை வைக்க வேறு இடம் இல்லாமல் என் மேலேயே போட்டு, "எடது பக்கம் ஏத்து, கால் பக்கம் தாழுது பார்" என்று பக்தவச்சலம் சொல்லச் சொல்ல, அந்த மிச்ச இருபது அடியையும் நடந்தார்கள். செங்குட்டுவன் "ஐயா, இது திட்டத்தில் இல்லை, ஐயா" என்று கூடவே ஓடி வந்தான், பாதி வழியில் "அப்படியே போங்க, அப்படியே போங்க" என்று பின்வாங்கிவிட்டான். ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். கிழவர்கள் நான்கு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. மூட்டை தூக்கியதற்கு அவர்களுக்கு யாரும் இதுவரை கை தட்டியது கிடையாது. ஜெயவேல், தன் இடுப்பு வலியையும் மறந்து, கும்பிட்டான்.

இரண்டு மணி வரை மிச்சம் பதினான்கு நடை. மாற்றி மாற்றித் தூக்கினார்கள். இரண்டு மணிக்கு மணி அடித்ததும், எட்டு மணி நேரத்துக்குப் பிறகு என் மகள் முதன்முதலாக வாய் திறந்து என்னிடம், "நைனா, மூட்டைல இன்னும் பொரி கீதா? பசிக்குது" என்றாள். எல்லாரும் தரையில் உட்கார்ந்து தின்றோம். அவள் முட்டி பலாப்பழம் மாதிரி வீங்கியிருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், உன் அக்காள் ஒன்றும் கேட்காமல் கட்டுத்துணியையும் தைலத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தினம் காலையில் முட்டிக்குக் கட்டுப் போட்டுவிட்டதே அவள்தானாம். இந்த வீட்டில் ஒன்றும் தெரியாதவன் நான் ஒருவன்தான்.

ஆகையால் மச்சான், நான் சொல்ல வந்தது இதுதான். அடுத்த மாதம் கொச்சியில் இதே கூத்தை மூன்று நாள் நடத்தக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் சொன்னால் அவள் கேட்க மாட்டாள். நீ தாய்மாமன், அதற்கும் மேலே ஞானத்தகப்பன். அந்தக் கலர் பென்சில் பாவத்துக்குப் பரிகாரமாக உடனே ரயிலேறி வந்து, அவளை எதிரில் நிற்க வைத்து, போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டியது. இனி என் மகள் எதையும் தூக்கக் கூடாது. என்னையும் யாரும் தூக்கக் கூடாது, என் காலம் முடிந்த பிறகு தவிர. இது என் முடிவான வார்த்தை.

வீட்டில் எல்லாருக்கும் என் அன்பு. சின்னவனுக்குப் பரீட்சை நன்றாக நடக்க அந்தோனியாருக்கு மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறேன். உன் மனைவிக்கு முழங்கால் வலி குறையட்டும், உனக்கு மட்டும் கொஞ்சம் கூடட்டும். ஆண்டவர் உங்களைக் காப்பாராக, எனக்கு நேரம் இல்லை.

இப்படிக்கு,
மனம் நொந்த,
ஸ்டானிஸ்லாஸ்

பி.கு.: கடிதத்தை ஒட்டி வைத்து மூன்று நாள் ஆகிறது. இன்று காலை மாடியில் இரண்டு தட்டு கேட்டது. எழுந்து போனேன். டிரம்மில் மிச்சம் இருந்த கோதுமையைப் பாதி மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டிருந்தாள். தோள் கொடுத்து வாங்கிக்கொண்டேன். ஏழு அடி நடந்தேன், எட்டாவது அடியில் நான் இரண்டு தட்டு தட்டினேன், அவள் வாங்கிக்கொண்டாள். பாய் வீட்டம்மா மரியம் கீழேயிருந்து "இன்னா சார், இப்ப நாலு தபா கேக்குது" என்று கத்தினார்கள். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. கொச்சிக்கு எல்லாரும் போகிறோம். இனி ஒண்டியாகத் தூக்குவதில்லை என்று ஜானட் ஒப்புக்கொண்டுவிட்டாள். கேங்கில் ஜெயவேலுக்கு இடுப்பு சரியில்லை, அவன் இடத்துக்கு உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். நேராகக் கொச்சிக்கு வந்துவிடு, சும்மாட்டுக்கு ஒரு நல்ல துண்டு கொண்டுவா. முதலில் கழுத்திலிருந்து நாலு விரல் தள்ளி வைக்கப் பழகு. புதுப் போஸ்டரில் "மூட்டை: ஸ்டானிஸ்லாஸ்" என்று என் பெயரும் இருக்கிறது. இந்தத் தடவை மூட்டை வாய் திறக்கவே கூடாது என்று ஜானட் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால்தான் பேச வேண்டியதையெல்லாம் இந்தக் கடிதத்திலேயே பேசி முடித்துவிட்டேன்.